ஸ்கேன் சுத்தம், கால்தான் நிற்கவில்லை

வாசகர் கேள்விகளுக்குப் பிசியோதெரபிஸ்ட் பதில்

நிமோனியா, கடுமையான ஃப்ளூ, கோவிட் என்று நோயின் பெயர்தான் கடிதத்துக்குக் கடிதம் மாறுகிறது, புலம்பல் ஒன்றேதான்: காய்ச்சல் போய்விட்டது, சளி போய்விட்டது, ஆள் மட்டும் எழுந்து நிற்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. என்னை ‘டாக்டர்’ என்று விளித்து எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிசியோதெரபிஸ்ட். மருந்து எழுதுவது என் வேலை இல்லை, ஆளை எழுப்பி நிறுத்துவதுதான் என் வேலை. மருந்து பற்றிய கேள்விகளில் அந்த எல்லையோடு நின்றுகொள்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நிமோனியாவால் 19 நாள் மருத்துவமனையில் இருந்தார், அதில் 9 நாள் வென்டிலேட்டர். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. நுரையீரல் நன்றாகத் தெளிந்துவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் கழிப்பறையில் உட்கார்ந்தால் தானாக எழ முடியவில்லை, நான்தான் தூக்கிவிடுகிறேன். தொடை இரண்டும் சூம்பிப்போய்விட்டன. நுரையீரல் சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைத்தோம்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், சில சமயம் சிகிச்சை கொடுப்பவர்களும்கூட. நுரையீரலுக்கு எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று தினம் ஒன்று எடுக்கிறோம். போர்வையை விலக்கித் தொடையைப் பார்க்கிறவர் யாரும் இல்லை.

உள்ளே நடந்தது இதுதான். கடுமையான தொற்று வந்ததும் உடம்பு போர்க்கால நிலைக்குப் போய்விடுகிறது. எதிர்ப்பு அணுக்கள் பெருக வேண்டும், ஈரல் புதுப் புரதங்களைத் தயாரிக்க வேண்டும், காயம்பட்ட நுரையீரல் தன்னைச் செப்பனிட வேண்டும். இதற்கெல்லாம் அமினோ அமிலம் தேவை. கொழுப்பைச் சேமித்து வைக்க உடம்பில் தனி இடம் இருக்கிறது, புரதத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. இருக்கிற ஒரே கையிருப்பு தசைதான். ஆகவே அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் தசைக்குள் போய், அங்கே இருக்கிற இழைகளைப் பிரித்து அனுப்பு என்று உத்தரவு போடுகின்றன. வீடு தீப்பிடிக்கும்போது கதவையும் ஜன்னலையும் பெயர்த்து எடுத்துப்போய்த் தீயணைக்கிற மாதிரியான ஒரு வேலை, விவேகமான வேலைதான், உயிர் பிழைத்தாரே. அதோடு கூடவே படுக்கை சேர்ந்துகொள்கிறது. மயக்க மருந்தில் அசையாமல் கிடக்கிற தசைக்கு ‘நீ தேவை’ என்கிற செய்தியே போவதில்லை. அப்புறம் பசியின்மை, பாதி வயிற்று உணவு, பலருக்கு ஸ்டீராய்டு. நாலும் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன.

எவ்வளவு வேகம் தெரியுமா? லண்டனில் தீவிர சிகிச்சையில் இருந்த 63 பேரின் முன்தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்து 2013இல் ஓர் ஆய்வு வந்தது. பத்தே நாளில் அந்தத் தசையின் பரப்பு ஏறக்குறைய 18% சுருங்கியிருந்தது. ஓர் உறுப்பு மட்டும் பழுதானவர்களுக்கு முதல் வாரத்தில் இழப்பு 3% அளவில்தான் இருந்தது, பல உறுப்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு 15%க்கும் மேல். அதாவது வெறும் படுக்கை மட்டும் காரணம் இல்லை, நோயின் உக்கிரம்தான் தசையைத் தின்கிறது.

இந்த இழப்பு மருத்துவமனையில் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நாட்களில் உடம்பில் நீர் கோத்து வீங்கியிருக்கும், எடையும் குறைந்ததாகத் தெரியாது. வீக்கம் வடிந்த பிறகுதான் ‘ஐயோ, இப்படி ஆகிவிட்டாரே’ என்று வீடு பதறுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு இளைத்துப்போய்விட்டதாகவும், சமையல் சரியில்லையோ என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் அங்கேயே போன சதைதான், கணக்கு இங்கே தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்பா ஏன் குறிப்பாகக் கழிப்பறையில் மாட்டிக்கொள்கிறார் என்றால், உட்கார்ந்த நிலையிலிருந்து உடம்பு முழுவதையும் தூக்குகிற வேலை முன்தொடைக்கும் புட்டத்துக்கும்தான். அந்த இரண்டும்தான் முதலில் போகின்றன. இருக்கை எவ்வளவு தாழ்வோ அவ்வளவு கஷ்டம். இன்றைக்கே செய்ய வேண்டியது: இருக்கையை உயர்த்தும் சாதனம் ஒன்றும், பக்கத்தில் பிடித்து எழக் கைப்பிடி ஒன்றும். நீங்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். அவர் தோளும் போகும், உங்கள் இடுப்பும் போகும். இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, எழுகிற வேலையை அவரே செய்யும்படி விட்டு, விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் ஐ.சி.யூவுக்கே போகவில்லை. எட்டு நாள் வார்டில் ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது ஆக்சிஜன் மீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தால் 97 காட்டுகிறது. ஆனால் ஒரு மாடி ஏறினால் நாய் மாதிரி மூச்சு வாங்குகிறது. மீட்டர் பொய் சொல்கிறதா?

ஏறும்போதும் ஏறி முடித்த உடனேயும்கூட அது 95க்கு மேல் நிற்கிறதென்றால் மீட்டரைச் சந்தேகப்பட வேண்டாம், காலைச் சந்தேகப்படுங்கள்.

மெலிந்த தசைக்கு அதே மாடி பெரிய சுமை. முன்பு நூறு இழைகள் பங்குபோட்டுச் செய்த வேலையை இப்போது எண்பது செய்கின்றன, சீக்கிரமே திணறி லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. ரத்தத்தில் அமிலம் கூடினால் அதைச் சரிக்கட்ட மூளை மூச்சை வேகமாக்குகிறது. ஆகவே நெஞ்சில் தெரிகிற இரைப்புக்குக் காரணம் தொடையில் இருக்கலாம். இதை நான் சொன்னால் பலரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். சரி, டொரன்டோவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மோசமான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்த 109 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்து 2003இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்திலேயே அவர்களுடைய நுரையீரல் ஊதும் சோதனை ஏறக்குறைய இயல்புக்கு வந்துவிட்டது. ஆனால் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தபோது, ஓராண்டு முடிவிலும் அவர்கள் வயதுக்கு எதிர்பார்க்கிற தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் நடந்தார்கள். ஏன் முடியவில்லை என்று கேட்டதற்கு அவர்கள் சொன்னது சதை போய்விட்டது, தெம்பு இல்லை என்பதுதான்.

மூச்சு விடுவதும் தசைதான் என்பதையும் மறந்துவிடுகிறோம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிந்திருக்கிற உதரவிதானம் பிறந்த நாளிலிருந்து ஓய்வே எடுக்காத தசை. வென்டிலேட்டர் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுகிறது. 18 முதல் 69 மணி நேரம் வரை முழுக்க இயந்திர மூச்சில் இருந்தவர்களின் உதரவிதான இழைகள் பாதிக்கும் மேல் சுருங்கியிருந்ததை 2008இல் காட்டினார்கள். உங்களுக்கு வென்டிலேட்டர் இல்லை என்பதால் இந்தக் கதை உங்களுக்கு இல்லை, முதல் கேள்வி எழுதியவரின் அப்பாவுக்கு.

மாடிக்கு ஒரு உபாயம். ஏறுவதற்கு முன் அல்ல, ஏறும்போதே மூச்சை உதடு குவித்து ஊதி விட்டுக்கொண்டு போங்கள், விளக்கை அணைக்கிற மாதிரி இல்லை, சுடர் ஆடுகிற அளவுக்கு. பாதியில் நிற்பது தோல்வி இல்லை, கைப்பிடியில் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்து நில்லுங்கள், மூச்சு சீக்கிரம் அடங்கும்.

ஆனால் ஏறும்போது மீட்டர் 90க்குக் கீழே இறங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, திடீரென்று இரைப்பு கூடினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ இந்தப் பதிலைத் தூக்கி எறிந்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். படுத்துக் கிடந்த காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போவது இந்த நோயாளிகளுக்கு உண்மையான ஆபத்து.

கேள்வி: மாமியாருக்கு 72 வயது, 55 கிலோ. கோவிட் நிமோனியா வந்து தேறிவருகிறார். செரிக்காது என்று பயந்து சூப்பும் பழச்சாறும்தான் கொடுக்கிறோம். புரதம் அதிகம் கொடுத்தால் கிட்னி போய்விடும் என்று உறவினர்கள் வேறு சொல்கிறார்கள்.

சூப்பிலும் பழச்சாற்றிலும் தண்ணீர், உப்பு, சர்க்கரைதான் பெரும்பங்கு. தசை கட்ட அதில் செங்கல் இல்லை.

வயதானவர்கள் நோயிலிருந்து தேறும்போது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பது சத்துணவு நிபுணர் குழுக்களின் பரிந்துரை. அவருக்குக் கணக்குப் போட்டால் 66 முதல் 82 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு, வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் போல, மீனிலோ கோழியிலோ 100 கிராமுக்கு 20க்கு மேல். இப்போது நேற்று அவர் சாப்பிட்டதைக் கூட்டிப் பாருங்கள். 20 தாண்டாது என்று நினைக்கிறேன்.

கூட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். வயதான தசை கொஞ்சம் மந்தமானது, சிறு அளவு புரதத்துக்கு அது அசைந்துகொடுப்பதில்லை. ஒரு வேளைக்கு 25, 30 கிராம் என்று ஒன்றாக வந்தால்தான் கட்டும் வேலையை ஆரம்பிக்கிறது. ராத்திரி ஒரு வேளை மட்டும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மற்ற நேரம் தேநீரும் பிஸ்கட்டுமாக ஓட்டுவது பலருடைய வழக்கம், அதை மாற்றி மூன்று வேளைக்கும் பிரியுங்கள். காலை வேளைதான் எப்போதும் ஏழை. அதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. பசி இல்லை என்றால் தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், மற்றது வயிற்றில் இடமிருந்தால்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த அளவு புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்காது. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பவர், நோயின்போது அது அடிபட்டவர் என்றால் கணக்கு வேறு, அதைச் சிறுநீரக மருத்துவரிடம்தான் போட வேண்டும். அப்படி ஒருவர் மருத்துவரிடம் போகும்போது நினைவில் வைக்க வேண்டியது: சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் பார்க்கிற கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிற பொருள், சிறுநீரகம் கெட்டால் அது கூடும். தசையே கரைந்துபோனவருக்கு அது இயல்பாகவே குறைவாகத்தான் வரும். ரிப்போர்ட்டில் 0.5 என்று பார்த்துவிட்டு ‘கிட்னி பிரமாதம்’ என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த எண் சில நேரம் சிறுநீரகத்தைப் பற்றி அல்ல, தொடையைப் பற்றித்தான் பேசுகிறது.

கடைசியாக, அவர் குடிக்கும்போது இருமுகிறாரா, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பாருங்கள். தொண்டையும் தசைதான், குழாய் போட்டிருந்தவர்களுக்கு விழுங்குவது பலவீனமாகிவிடும். அப்படி இருந்தால் முட்டையும் வேண்டாம் பாலும் வேண்டாம், முதலில் விழுங்குதலைப் பரிசோதிக்கிற நிபுணர்.

கேள்வி: அப்படியானால் புரோட்டீன் பவுடரை இரண்டு மடங்காகக் கொடுத்தால் சீக்கிரம் சதை பிடிக்குமா? ஏதாவது ஊசி உண்டா?

பிடிக்காது. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு கிலோவுக்கு 2.2 கிராமுக்கு மேல் புரதம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2023இல் வந்தது. சீக்கிரம் வீடு திரும்பவும் இல்லை, சிறுநீரகம் அடிபட்டிருந்தவர்களுக்குக் கெடுதலாக இருந்திருக்கலாம் என்றும் தெரிந்தது. சாப்பாட்டில் முடியாத மிச்சத்தை நிரப்பப் பவுடர் நல்லது, அதற்கு மேல் அது விலை கூடிய சிறுநீர். சதை வளர்க்கிற ஊசியைத் தேடுகிற நேரத்தில் ஒரு நாற்காலியைத் தேடுங்கள், அடுத்த கேள்விக்கு அதுதான் பதில்.

கேள்வி: வீட்டிலேயே செய்ய என்ன உடற்பயிற்சி? அம்மா ‘நடந்தால் போதும்’ என்கிறார், தினம் ஹாலில் 20 நிமிடம் நடக்கிறார். தொடையில் ஒரு மாற்றமும் இல்லை.

நடப்பது நல்லது, ஆனால் நடை தசையைக் கட்டாது. தட்டையான தரையில் நடக்கும்போது தொடைக்கு வருகிற சுமை குறைவு. ‘என்னால் முடியாதோ’ என்று தோன்றுகிற அளவுக்குச் சுமை கொஞ்ச நேரமாவது வந்தால்தான் தசை வளரும்.

எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்றே ஒன்றுதான், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. சிரிக்காதீர்கள். சரியாகச் செய்கிறவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். கை வைத்த, சறுக்காத, கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முடியாதவருக்கு முதலில் ஒரு தடித்த மெத்தையைப் போட்டு உயர்த்துங்கள். இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து வரச் சொல்லுங்கள். பாதம் முட்டிக்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும், பெரும்பாலானவர்கள் காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழப் பார்க்கிறார்கள், அப்படிப் பயில்வானாலும் எழ முடியாது. இப்போது முன்னால் குனிய வேண்டும், மூக்கு கால்விரலுக்கு நேரே வருகிற வரைக்கும். பயந்து பின்னால் சாய்கிறவர்தான் பொத்தென்று திரும்ப விழுகிறார். மூச்சை வெளியே விட்டபடி எழட்டும். மூச்சை அடக்கி முக்க வேண்டாம்.

நின்றாகிவிட்டது. இப்போதுதான் முக்கியமான பாதி. உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நீங்கள் எண்ண, அந்த எண்ணிக்கை முடிகிற வரை மெல்ல இறங்க வேண்டும். கடைசி ஒரு சாணில்தான் ஆள் விட்டுவிடுவார், அந்த ஒரு சாணைத்தான் பிடிக்க வேண்டும். இறங்கும்போது நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிற தசை, ஏறும்போது செய்வதைவிடக் கூடுதல் பாரத்தைத் தாங்கும். அதனால்தான் எழவே முடியாதவர்களுக்கு நான் கை கொடுத்து எழுப்பிவிட்டு, இறங்குவதை மட்டும் அவர்களே செய்யும்படி ஆரம்பிக்கிறேன்.

எத்தனை முறை? ‘இன்னும் இரண்டு முடியும்’ என்று தோன்றும்போது நிறுத்துங்கள். அது ஒருவருக்கு 3, ஒருவருக்கு 12. சில நிமிடம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று, முடிந்தால் இன்னொன்று. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையை 40, 50 என்று கூட்டிக்கொண்டே போகாமல் மெத்தையை எடுத்துவிடுங்கள், அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு எழச் சொல்லுங்கள், அப்புறம் ஆளுக்குக் கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. கூடவே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது, கெண்டைக்கால் சதைக்கு. கைக்கு ஒரு துண்டை ஈரப்படுத்திப் பிழிவது, பற்பசை மூடியைத் திறக்க முடியாமல் அழுதவரை எனக்குத் தெரியும்.

செய்யும்போது மூச்சு வாங்க வேண்டும், ஆனால் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். அளவுகோல் வேண்டுமென்றால் ஐந்து முறை எழுந்து உட்கார ஆகிற நேரத்தைப் பாருங்கள், கையைக் கட்டிக்கொண்டு. தசைத் தேய்வுக்கான ஆசிய நிபுணர் குழு 2019இல் 12 நொடியை எல்லையாக வைத்தது, அதற்கு மேலானால் கால் பலவீனம் என்று அர்த்தம். ஆரம்பத்தில் 30, 40 நொடி ஆகும், ஐந்து முடிக்கவே முடியாமலும் போகும். ஆகட்டும், தேதி போட்டு எழுதி வையுங்கள். நம்புங்கள், அந்தக் காகிதம் டானிக்கைவிட நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: எனக்கு 34 வயது. கோவிட் வந்து நாலு மாதம். ‘உடற்பயிற்சி செய், சரியாகிவிடும்’ என்கிறார்கள். செய்த அன்று நன்றாகத்தான் இருக்கிறது. மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் படுத்த படுக்கையாகிவிடுகிறேன், தலை மந்தம், உடம்பெல்லாம் வலி, மூன்று நாள் எழ முடியவில்லை. சோம்பேறி என்கிறார் அண்ணன்.

அண்ணனிடம் இதைக் காட்டுங்கள். மேலே எழுதிய பயிற்சி எதையும் நீங்கள் இப்போது செய்யக் கூடாது.

பயிற்சிக்குப் பிறகு தசை வலிப்பது வேறு, அது வேலை செய்த சதையில் மட்டும் வலிக்கும், இரண்டு நாளில் போகும், தலையைத் தொடாது. நீங்கள் சொல்வது உழைப்புக்குப் பின் ஒரு நாள் கழித்து வந்து விழுகிற சரிவு. தொற்றுக்குப் பிறகு சிலருக்கு இது வருகிறது, சதை போனவர்களுக்கு மட்டும் அல்ல, மருத்துவமனைக்கே போகாதவர்களுக்கும். இதில் ‘இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு’ என்பது நிலைமையை மோசமாக்கும். நாள்பட்ட சோர்வு நோய்க்குப் படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டுகிற பழைய முறையை 2021இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கிற நைஸ் அமைப்பு கைவிட்டதே இந்தக் காரணத்தால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது கையிருப்புக்குள் செலவு. எவ்வளவு செய்தால் மறுநாள் சரிவு வரவில்லை என்று இரண்டு வாரம் குறித்துவைத்து, அதற்குக் கொஞ்சம் கீழேயே நில்லுங்கள். குளிப்பது, போனில் பேசுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் செலவுதான். நன்றாக இருக்கிற நாளில் சேர்த்துவைத்த வேலையை எல்லாம் முடித்துவிடுகிற ஆசைதான் உங்கள் முதல் எதிரி. இந்த நிலையைத் தெரிந்த மருத்துவர் ஒருவரைப் பாருங்கள், ரத்தசோகை, தைராய்டு, இதயம் எல்லாம் பார்த்து ஒதுக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: அத்தை இப்போது ஐ.சி.யூவில், வாயில் குழாயோடு இருக்கிறார். பார்க்கப் போனபோது பிசியோ வந்து அவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். மனசு தாங்கவில்லை. உயிருக்குப் போராடுகிறவரை ஏன் இப்படி இம்சிக்கிறார்கள்?

பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், என் வேலையைப் பற்றி வருகிற முதல் புகாரே இதுதான். 2009இல் 104 பேரை வைத்துச் செய்த ஆய்வில், வென்டிலேட்டரில் இருக்கும்போதே மயக்க மருந்தைத் தினம் நிறுத்தி அசைக்க ஆரம்பித்தவர்களில் 59% பேர் மருத்துவமனையை விட்டுப் போகும்போது தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள், வழக்கமான முறையில் கவனித்தவர்களில் 35%. அதைப் படித்துவிட்டு எங்களில் பலர் உற்சாகத்தில் கொஞ்சம் ஓவராகவே போனோம். 2022இல் 750 பேரை வைத்து, சீக்கிரமாகவும் அதிகமாகவும் அசைத்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் இல்லை, இதயத் துடிப்பு தாறுமாறாவது, ரத்த அழுத்தம் மாறுவது, ஆக்சிஜன் இறங்குவது போன்ற தொல்லைகள்தான் கூடின. ஆகவே அசைப்பது சரி, அவசரப்படுத்துவது சரியில்லை, அன்றன்றைக்கு நோயாளியைப் பார்த்து முடிவு செய்வதே முறை. அத்தையைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைக்கிறார்கள் என்றால் அதைத் தாங்குகிற அளவுக்கு அவர் தேறியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும்போது அவர் கணுக்காலை மேலும் கீழும் அசைத்துவிடலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

கேள்வி: ஒரு பாதம் மட்டும் தொங்குகிறது, தரையில் உரசுகிறது. விரல்கள் மரத்திருக்கின்றன. இதுவும் சதைப் பலவீனமா?

இது நரம்பு. தசை கரைவது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் முட்டிக்கு வெளிப்புறம் ஓடுகிற நரம்பு படுக்கையில் அழுந்தியிருக்கலாம், முதுகில் பிரச்சினை இருக்கலாம், பக்கவாதமும் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். இரண்டு கால் விரல்களும் காலுறை போட்ட மாதிரி மரத்திருந்தால், கடும் நோயில் நரம்புகளே பாதிக்கப்படுகிற வகையாக இருக்கலாம், அது தசைப் பலவீனத்தோடு சேர்ந்தும் வரும், ஆறுவதற்கும் அதிக காலம் எடுக்கும். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், நரம்பில் மின்னோட்டச் சோதனை செய்வார்கள். அதுவரை பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற பட்டை ஒன்றை அணியுங்கள், இல்லாவிட்டால் விரிப்பு தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவோடு வருவீர்கள்.

கேள்வி: எல்லாம் சரி, எத்தனை நாளில் என் கணவர் பழையபடி ஆவார்? எடை எல்லாம் திரும்ப ஏறிவிட்டது, ஆனாலும் கடைத்தெரு வரை போய்வந்தால் சோபாவில் விழுகிறார். 48 வயதுதான் ஆகிறது.

எடையை நம்பாதீர்கள். நோய்க்குப் பிறகு சாப்பாடு மட்டும் திரும்பி, வேலை திரும்பாவிட்டால், ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. வயிறு முன்னால் வந்து தொடை அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். தசை அளவு திரும்பிய சிலருக்கும் பலம் உடனே திரும்புவதில்லை, இழை வந்தாலும் அதை இயக்குகிற நரம்பும், செப்பனிடுகிற அணுக்களும் பின்தங்கியே வருகின்றன.

காலக்கணக்கு கேட்டால் நாளில் சொல்ல முடியாது, மாதத்தில்தான் சொல்ல வேண்டும். வார்டோடு திரும்பியவர்களில் பலர் ஓரிரு மாதத்தில் தேறிவிடுகிறார்கள். வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் இருந்தவர்களுக்கு ஓராண்டு வரையும், அதற்கு அப்புறமும் முன்னேற்றம் மெல்ல வந்துகொண்டேயிருக்கும். மேலே சொன்ன டொரன்டோக்காரர்களை ஐந்தாண்டு கழித்தும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், எதிர்பார்க்கிற தூரத்தில் 76%க்கு வந்திருந்தார்கள். இத்தனைக்கும் அவர்களில் பாதிப் பேர் 45 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மூன்றாம் மாதத்தில் ‘இன்னும் ஏன் இப்படி, மனசு வைத்தால் முடியும்’ என்று வீட்டில் சொல்கிறார்களே, அந்தப் பேச்சு நிற்கட்டும் என்றுதான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தின் ஓரத்தில் அவர் ராத்திரி திடுக்கிட்டு விழிக்கிறார், எரிச்சல்படுகிறார் என்று இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அதை அடிக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். தீவிர சிகிச்சையிலிருந்து திரும்பியவர்களுக்குத் தூக்கமும் மனசும் நினைவாற்றலும் கலைவது சகஜம், தூங்காத உடம்பு சதை கட்டுவதும் இல்லை.

வேலைக்குத் திரும்புவதானால் முதலில் பாதி நாள். உட்கார்ந்து செய்கிற வேலைகூடச் சோர்வடைய வைக்கும்.

எடை பார்க்கிற இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஒரு தையல் டேப்பை எடுங்கள். காலை நீட்டி, தளர்த்தி வைக்கச் சொல்லி, முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே பேனாவால் ஒரு புள்ளி, அந்த இடத்தில் தொடையின் சுற்றளவு, இரண்டு காலிலும். டேப்பை இறுக்க வேண்டாம், அளப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரே ஆளாக இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும், தினம் அளந்தால் மனசுதான் இளைக்கும். பக்கத்திலேயே அந்த ஐந்து முறை எழுந்து உட்காருகிற நொடிக்கணக்கு. எட்டு வாரம் கழித்து இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள், வலது கால் எது, இடது கால் எது என்று மறக்காமல்.